முன் ஆக்ஸிலுக்கு லாக்கர்: காற்றா, கரண்டா, கேபிளா?

கேள்வி: ஐந்து கதவு மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போகிற மண்பாதையில், மழைக்காலத்தில் குறுக்குப் பள்ளம் தாண்டும்போது ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுகிற லாக்கரை, வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகையில், முன் டிஃபரன்ஷியலுக்கு (இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரக் கூட்டு) வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த வகை நல்லது? (குன்னூர் வாசகர்)

பதில்: பின் ஆக்ஸிலில் ஏற்கெனவே லாக்கர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் முதல் செலவு பின்பக்கத்துக்குத்தான். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது, பிடிப்பு அங்கேதான் இருக்கிறது. பின் லாக்கர் ஸ்டியரிங்கைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதும் இல்லை. அதற்கும் முன்னால் டயரைப் பாருங்கள். தேய்ந்த ரோடு டயரோடு லாக்கர் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். 4எல்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கிற லோ கியர்) உங்கள் வண்டியே சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு விசை அனுப்பப் பார்க்கும். அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை விடாமல் சீராக அழுத்திப் பார்த்தீர்களா? பல பள்ளங்களை அதுவே தாண்டிவிடும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் முன் லாக்கருக்கு வருவோம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். அந்தரத்தில் இருக்கிற சக்கரத்தைச் சுற்ற விசையே தேவையில்லை, அதனால் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. லாக்கர் இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போடுகிறது. அப்போது மொத்த விசையும் பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் வழியாகப் போகலாம். முன்பக்கத்தில் அந்த வழியில், திரும்புகிற சக்கரத்துக்கு விசையைக் கடத்துகிற சி.வி. ஜாயின்ட் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, லாக்கர் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் உடைவது அதுதான். ஸ்டியரிங்கும் கனத்துப் போகும், வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். முன்பக்கம் போடுகிற லாக்கர் நினைத்த நொடியில் விடுபட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விலை குறைவு என்று, சுவிட்ச் இல்லாமல் தானாகவே பூட்டுகிற தானியங்கி லாக்கரை முன்னால் போடச் சொல்வார்கள். கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: லைன் அறுந்தால், கரண்டு போனால், இது எந்த நிலையில் நிற்கும்?

ஆஸ்திரேலிய ஏஆர்பி நிறுவனம் பிரபலமாக்கிய ஏர் லாக்கரில், காற்று போனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பூட்டை விடுவித்துவிடும். சுவிட்சைப் போட்டதும் பட்டென்று பிடிக்கும். கம்ப்ரெசரை வைத்து டயருக்கும் காற்று அடித்துக்கொள்ளலாம், அது பெரிய வசதி. தொல்லை வருவது பெரும்பாலும் மெல்லிய காற்றுக் குழாயிலும் சீலிலும்தான். குழாயை சைலன்சர் பக்கம் விட்டால் உருகும். சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போது நீளம் போதாமல் இழுபட்டால் கழன்றுவிடும். சீல் தேய்ந்தால் காற்று டிஃபரன்ஷியலுக்குள் கசியும், சில சமயம் எண்ணெய் குழாய் வழியாக மேலே ஏறி சோலினாய்டில் (காற்றைத் திறந்து மூடுகிற மின்வால்வு) வந்து கக்கும்.

ஈட்டன், ஹாரப் போன்ற நிறுவனங்களின் மின்காந்த லாக்கரில் குழாயும் இல்லை, கம்ப்ரெசரும் இல்லை. கரண்டு போனால் விட்டுவிடும். பிடிக்கச் சக்கரம் கொஞ்சம் சுற்ற வேண்டும். முன்னால் போய் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கணம் விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கும். முன்னும் பின்னும் ஆட்டி வண்டியை எடுக்கிற பழக்கம் உள்ளவருக்கு அது எரிச்சலாக இருக்கும்.

மோட்டார் வைத்து, பூட்டைப் போடுகிற ஃபோர்க்கை நகர்த்துகிற வகை வேறு. 80 சீரிஸ் லேண்ட் க்ரூஸரில் டொயோட்டாவே கொடுத்தது அதுதான். பூட்டிய நிலையில் மோட்டார் செத்தால் பூட்டியபடியே நிற்கும். மாதக்கணக்கில் போடாமல் விட்டால், அதுவும் ஆற்றில் இறங்குகிற வண்டியில், துருப்பிடித்து இறுகிவிடும். கேபிள் வகை எளிமையானது, ஆனால் பெரும்பாலும் அமெரிக்க ஜீப் ஆக்ஸில்களுக்காக வருவது. உங்களுக்கு அது சரிப்படாது.

என் தேர்வு ஏர் லாக்கர். ஆனால் அதைப் பொருத்துகிறவரை முதலில் தேடுங்கள், பெட்டியை அப்புறம் வாங்குங்கள். லாக்கர் போடுவதென்றால் டிஃபரன்ஷியலையே பிரித்து, கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைப் புதிய கூட்டுக்கு மாற்ற வேண்டும். புது பேரிங், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்கிற மெல்லிய தகடு), டயல் கேஜ் வைத்து பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) அளவு, பற்களில் மை தடவிப் படிவு சரியா என்று பார்ப்பது, எல்லாம் உண்டு. "அனுபவத்திலேயே வைத்துவிடுவேன் சார்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். சில மாதத்தில் டிஃப் ஊளையிட ஆரம்பிக்கும். ஆர்டர் கொடுக்குமுன் உங்கள் ஆக்ஸிலின் ஸ்ப்ளைன் (தண்டின் முனையில் உள்ள பள்ள வரிகள்) எண்ணிக்கையும் கிரவுன்–பினியன் (பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) விகிதமும் பெட்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த ஆக்ஸிலுக்கு வண்டி நிறுவனம் வாரன்டியை மறுக்கலாம், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வண்டியை எடுக்குமுன் அங்கேயே ஒரு சோதனை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, 4எல் போட்டு, இன்ஜினை அணைத்துக் கியரில் நிறுத்துங்கள். லாக்கர் அணைந்திருக்கும்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். லாக்கர் போட்டதும் இரண்டுமே அசையக் கூடாது. அணைத்ததும் உடனே விட வேண்டும். நாலைந்து தடவை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: இன்னும் வண்டியே வாங்கவில்லை. லாக்கர் தனியாகப் போடுவதா, லாக்கரோடு வருகிற வண்டியே வாங்குவதா? (கம்பம் வாசகர்)

பதில்: தேவை நிச்சயம் என்றால் லாக்கரோடு வருவதை வாங்குங்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கம்பெனி லாக்கர் உண்டு, லீவரை இழுத்துப் போடுவது. ராங்ளர் ரூபிகானிலும் இரண்டும் உண்டு, விலை வேறு உலகம். மற்ற வண்டிகளில் மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் மாறும். விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்பாமல், நீங்கள் வாங்குகிற அதே வேரியன்டின் பெயரோடு கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக் பிடித்துச் சமாளிக்கிற ஏற்பாட்டையும் ஷோரூமில் "டிஃப் லாக்" என்றே சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: டூரிஸ்ட் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறேன். ஒரு கடையில் பழைய ஏர் லாக்கர் செட் வாங்கினேன், "நல்ல கண்டிஷன்" என்றார்கள். ஒரு மாதத்தில் காற்று கசிகிறது. மெக்கானிக் கடைக்காரரைக் குறை சொல்கிறார், கடைக்காரர் மெக்கானிக்கைக் குறை சொல்கிறார். (போடி வாசகர்)

பதில்: பொருளைக் கழற்றுமுன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காற்று எங்கே கசிகிறது என்று பார்த்து எழுதி வாங்குங்கள். குழாய் இணைப்பில் என்றால் பொருத்தியவர் பொறுப்பு. உள் சீலில் என்றால் கடைக்குப் போகலாம், ஆனால் பொருத்தும்போது சீல் வெட்டுப்படுவதும் உண்டு, அதனால் பிரித்துப் போட்டோ எடுப்பது நல்லது. பிறகு இருவருக்கும் பதிவுத் தபாலில் ஒரே நோட்டீஸ். பலன் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகாரைப் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள்.