வட்டைக்குக் காட்டுக் கமரா: கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், காட்டைத் தொட்டுக் கிடக்கும் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், எட்டு வருடங்களாக மலிவு விலைக் காட்டுக் கமராக்களைக் கட்டிப் பழகியவன் என்ற முறையில், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். காட்டுக் கமரா என்பது, மரத்தில் கட்டிவிட்டு வந்தால், முன்னால் விலங்கோ மனிதரோ அசையும்போது தானாகவே விழித்துப் படம் எடுக்கும் ஒரு சிறிய பெட்டி. சந்தையில் உள்ளவற்றிற் பெரும்பாலானவை வட அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், பெட்டியோடு வரும் கைநூலும் அந்தக் குளிர்நாட்டு மானுக்கே எழுதப்பட்டிருக்கும். எங்கள் வெயிலுக்கும் பன்றிக்கும் யானைக்கும் அதை எப்படி மாற்றி வாசிப்பது என்பதிலேயே வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அடங்கிவிடுகின்றன.

வெல்லாவெளியிலிருந்து ஒரு நெற்செய்கையாளர்: கனடாவில் இருக்கும் மச்சான் தான் மான் வேட்டைக்குப் பாவித்த பழைய கமராவை அனுப்பியிருக்கிறார். பெட்டியில் 20 மெகாபிக்சல் என்று போட்டிருக்கிறது. ஆனால் படம் என் கைத்தொலைபேசிப் படத்தைவிட மோசமாக இருக்கிறது. இது பழுதா?

பழுது இல்லை, தம்பி. மலிவான காட்டுக் கமராக்களின் உள்ளே இருக்கும் உணரி பெரும்பாலும் சில மெகாபிக்சல் அளவுடையதே. அது எடுத்த படத்தை உள்ளிருக்கும் மென்பொருள் இழுத்துப் பெருப்பித்து, 20 என்றும் 30 என்றும் கணக்குக் காட்டுகிறது. ஒரு மரைக்கால் நெல்லை இரண்டு மரைக்காலாகப் பரப்பி வைத்தாலும் நெல் கூடாது. ஆகவே, அமைப்பில் படத்தின் அளவை 5 அல்லது 8 மெகாபிக்சலுக்குக் குறைத்துவிடுங்கள். விவரம் எதுவும் குறையாது, படம் பதியும் நினைவக அட்டையில் இடம் மிஞ்சும், கமரா ஒரு படத்தை எழுதி முடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரமும் குறையும். வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

திருக்கோவிலிலிருந்து: அந்த நாடுகளில் இந்தக் கமராவை வைத்தே மான் சுடுகிறார்களாமே. சாகாமம் பக்கம் மான் நிறைய நடமாடுகிறது. இங்கே அதே முறை சரிவருமா?

சரிவராது என்பதல்ல, செய்யக்கூடாது என்பதே பதில். ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு வேட்டைக்காரர் அட்டையும் உரிமமும் அதற்கென்று ஒதுக்கிய பருவமும் உண்டு. அங்கே உரிமம் உள்ளவர், எந்த வழியால் எந்த நேரத்தில் மான் வருகிறது என்பதை முன்கூட்டியே அறியக் கமரா கட்டுகிறார். அதையும் முறையற்ற சலுகை என்று கருதும் இடங்கள் அங்கேயே உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2022ஆம் ஆண்டு தொடக்கம் வேட்டைக்குக் காட்டுக் கமரா பாவிப்பதைத் தடை செய்திருக்கிறது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. புள்ளிமானையோ மரையையோ கொல்வதும் அவற்றின் இறைச்சியை விற்பதும் குற்றம். மான் வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டுங்கள். எனது அட்டையில் உள்ள படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, விடியற்காலை மூன்றரை மணிக்கு வரம்பில் நின்று காதை மட்டும் திருப்பிய ஒரு பிணைமானின் படத்தைத்தான்.

சம்மாந்துறையிலிருந்து: காக்கா, ஒரு கிழமை கட்டி வைத்தேன். முந்நூறு படம் விழுந்திருக்கிறது, எல்லாம் வெறும் புல். பன்றி வேளாண்மையை உழக்கிய அடையாளம் வயலில் இருக்கிறது, படத்தில் பன்றியின் வால் மட்டும் ஒரு தடவை தெரிகிறது. எங்கே பிழை விட்டேன்?

இது ஒன்றல்ல, இரண்டு பிழைகள். இந்த ஒரு கேள்விக்கு நீளமாகப் பதில் சொன்னால், வந்திருக்கும் வேறு நான்கைந்து கேள்விகளுக்கும் சேர்த்துச் சொன்னதாகும்.

கமராவின் முகத்தில் கண்ணாடி வில்லைக்குக் கீழே வெண்மையான ஒரு வளைந்த பிளாஸ்ரிக் மூடி இருக்கும். கமராவை எழுப்புவது அதன் பின்னால் உள்ள வெப்ப உணரிதான். அது விலங்கின் உருவத்தை அறியாது. சுற்றியுள்ள சூட்டிலிருந்து வேறுபட்ட சூடு ஒன்று தன் பார்வைக்குக் குறுக்கே நகர்வதை மட்டுமே அறியும். கனடாவில் கார்த்திகை மாதக் குளிரில் ஒரு மான் நடந்தால், இருட்டில் அடுப்பு நடப்பதைப் போல அது உணரிக்குத் தெரியும். எங்கள் வட்டையில் ஆனி, ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், பிற்பகல் இரண்டு மணிக்குக் காய்ந்த புல்லும் மண்ணும் மாட்டின் உடம்பளவு சூடாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். அந்த நேரத்தில் மாடு முன்னால் நடந்தாலும் கமரா தூங்கலாம். அதே நேரத்தில் காற்றில் ஆடும் சுடுபுல் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் முந்நூறு படங்களும் எடுக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில் விழுந்திருக்கும். கமராவுக்கு முன்னால் இரண்டு பாகம் (ஏறக்குறைய பன்னிரண்டடி) தூரத்துக்குப் புல்லையும் தொங்கும் கொப்புகளையும் வெட்டிவிடுங்கள். வேலை செய்யும் நேரத்தைக் குறிக்கும் வசதி கமராவில் இருந்தால், மாலை ஐந்து முதல் காலை ஏழு வரை என்று வைத்துவிடுங்கள். பயிரைத் தின்ன வருகிறவை பெரும்பாலும் இருட்டிலேயே வருகின்றன, இரவில் நிலம் குளிர்ந்த பிறகு பன்றியின் சூடு உணரிக்குத் தெளிவாகப் படும்.

அடுத்தது அந்த வால். மலிவுக் கமரா சூட்டை உணர்ந்து படம் எடுக்க அரைச் செக்கனிலிருந்து ஒரு செக்கன்வரை எடுத்துக்கொள்கிறது. பன்றி போகும் தடத்துக்கு நேர் குறுக்காகக் கமராவைப் பார்க்கவிட்டால், அது விழிக்கும்போது பன்றி போய்விடும். தடத்தை நேரே பார்க்கவிட்டால், தன்னை நோக்கி வரும் சூட்டை உணரி மந்தமாகவே அறியும். ஆகவே தடத்துக்குச் சரிவாக, ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகையில் கட்டுங்கள். உணரிக்குக் குறுக்கசைவும் கிடைக்கும், விலங்கும் சில செக்கன்கள் படச் சட்டத்துக்குள் நிற்கும். பெட்டியில் 20 மீற்றர் என்று போட்டிருந்தாலும் தடத்திலிருந்து ஐந்து முதல் ஏழு மீற்றருக்குள் கட்டுவதே பலன் தரும். கைநூல் சொல்லும் இடுப்பளவு உயரம் மானுக்குச் சரி. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் முழங்கால் உயரம் போதும்.

கமராவை வடக்கே பார்க்கக் கட்டு என்று அந்த நாட்டுக்காரர் எல்லோரும் எழுதுவார்கள். அவர்களுக்கு நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில். நாங்கள் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏழெட்டுப் பாகை தூரத்தில். சித்திரை நடுவிலிருந்து ஆவணி நடுவரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. ஆகவே வடக்கா தெற்கா என்பதில் இங்கே பெரிய வேறுபாடு இல்லை. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே விழும் கிழக்கையும் மேற்கையும் தவிர்த்தால் போதும்.

கட்டியபின் சோதனை நிலையில் வைத்து, பன்றி வரும் வழியில் நீங்களே குனிந்து தவழ்ந்து பாருங்கள். சிறிய விளக்கு எங்கே எரிகிறது என்பதைக் கொண்டு கோணத்தைத் திருத்தலாம். பக்கத்து வயல்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கிரானிலிருந்து: பற்றரி நான்கு நாளில் தீர்ந்துவிடுகிறது.

கடையில் விலை குறைந்த சாதாரண பற்றரி போட்டிருப்பீர்கள். இரவில் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் விளக்குகளுக்குத் தேவையான மின்னோட்டத்தை அவற்றால் தாங்க முடியாது. அல்கலைன் பற்றரி போடுங்கள். வழக்கமான மீள மின்னேற்றும் பற்றரிகள் ஒவ்வொன்றும் 1.5 வோல்ற்றுக்குப் பதில் 1.2 வோல்ற் மட்டுமே தருவதால், சில கமராக்கள் அவை நிறைந்திருக்கும்போதே தீர்ந்துவிட்டதாக எண்ணும். முதலில் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். காணொளியாகப் பதிவு செய்வதை நிறுத்தி, ஒரு தடவைக்கு மூன்று படங்கள் என்று வைத்தால் பற்றரி பல மடங்கு நீடிக்கும்.

ஆலையடிவேம்பிலிருந்து: இரவில் விலங்கு கமராவைப் பார்த்து ஓடிவிடுகிறது. அதற்கு வெளிச்சம் தெரிகிறதா?

இரவு விளக்கில், ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து, இரண்டு வகை உண்டு. 850 நானோமீற்றர் விளக்குள்ளவற்றில் மெல்லிய சிவப்புத் தணல் தெரியும், ஆனால் வெளிச்சம் தூரம் போகும், படம் தெளிவு. 940 நானோமீற்றர் வகையில் தணல் தெரியாது, ஆனால் தூரமும் தெளிவும் குறைவு. பன்றிக்கும் முயலுக்கும் முதல் வகையே போதும். கள்ளர் நடமாடும் இடமென்றால் இரண்டாவது வகை, ஏனென்றால் தணலைக் கண்டு கமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவர் மனிதர்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து: படங்களில் திகதி பிழையாக விழுகிறது. சூடும் 80 என்று காட்டுகிறது.

அமெரிக்க முறையில் மாதம் முதலிலும் நாள் பின்னாலும் வரும். சூடு பரனைற்றில் இருக்கிறது. 80 என்றால் எங்கள் கணக்கில் 27 பாகை செல்சியஸ். இரண்டையும் அமைப்பில் மாற்றலாம். நேரத்தை மட்டும் கவனமாக வையுங்கள், ஏனென்றால் முற்பகல் பிற்பகல் மாறிவிட்டால் ஒரு மாதப் பதிவும் பயனற்றுப் போகும்.

வாகரையிலிருந்து: சிம் போட்டால் படம் கைத்தொலைபேசிக்கே வரும் கமராவைக் கனடாவிலிருந்து எடுப்பிக்கலாமா?

எடுப்பிக்க வேண்டாம். அங்கே மலிவாக விற்கப்படுபவற்றில் பல, அந்த நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களின் வலையமைப்புக்கென்றே செய்யப்பட்டவை. சிம் போடும் கருவிகளை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. அதற்கும் மேலாக, காட்டோரத்தில் உங்கள் கையில் இருக்கும் தொலைபேசிக்கே சமிக்ஞை எட்டாத இடத்தில் கமராவுக்கு மட்டும் எட்டப்போவதில்லை.

உன்னிச்சையிலிருந்து: கமராவை யானை பிடுங்கி எறிந்துவிட்டது. யானை வருவதை முன்கூட்டி அறியத்தான் கட்டினேன்.

எனது இரண்டு கமராக்களும் அப்படித்தான் போயின. ஒன்றின் கடைசிப் படம் முழுவதும் தும்பிக்கைத் தோலின் சுருக்கங்கள். யானைக்குக் கண்ணைவிட மூக்கே பெரிது, உங்கள் கைவாசம் அந்தப் பெட்டியில் இருக்கும். எட்டடிக்கு மேல், யானை நேரே நடக்கும் தடத்திலிருந்து விலகிய மரத்தில், கீழே பார்க்கச் சரித்துக் கட்டினால் தப்பும் வாய்ப்புக் கூடும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கமரா எச்சரிக்கை தராது. நேற்று யானை எத்தனை மணிக்கு, வேலியின் எந்த உடைப்பு வழியால் உள்ளே வந்தது என்பதை நாளை சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பதிவு ஒரு மாதத்துக்குச் சேர்ந்தால், காவல் பரணை எங்கே போடுவது, வேலியில் எந்த இடத்தை முதலில் திருத்துவது என்று தீர்மானிக்கலாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுக்கும்போதும் நேரம் பதிந்த படம் துணையாகும். அட்டை மாற்றப் போவதை வெயில் ஏறிய பிறகே வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபட்ட பிறகு, அல்லது விடியுமுன், ஒரு படத்துக்காகக் காட்டோரம் போக வேண்டாம்.

செங்கலடியிலிருந்து: பன்றியின் தடம் கமராவில் தெளிவாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு கட்டுத்துவக்கு வைத்தால் பிரச்சினை தீரும் அல்லவா?

கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் தட்டுப்பட்டால் தானே சுடும்படி கட்டிவைக்கும் துப்பாக்கி, சட்டவிரோதமானது. அதைவிட, கமராவைப் போலவே அதுவும் முன்னால் வருவது யார் என்று அறியாது. பன்றி போகும் தடத்தால் விறகுக்குப் போகிறவரும் மாடு தேடிப் போகிறவரும் நடக்கிறார்கள். உங்கள் அட்டையிலேயே அவர்களின் படமும் இருக்கும், பாருங்கள். தடம் தெரிந்துவிட்டதென்றால் அந்த ஒரு இடத்தில் வேலியை இறுக்குங்கள், காவலையும் பன்றி வரும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வையுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியதில்லை என்பதே கமரா தந்த இலாபம்.

மண்டூரிலிருந்து ஓர் அக்கா: குளத்துக்குக் குளிக்கப் போகும் வழியில் யாரோ கமரா கட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு மனம் சரியில்லை.

உங்கள் கவலை நியாயமானது, அக்கா. எங்கள் பகுதியில் மரத்தில் கட்டிய ஒரு பெட்டியைக் கண்டால் ஆட்களுக்குப் போர்க்காலத்துப் பழைய நினைவுகள் பல வரும். கமரா கட்டுகிறவர்கள் குளிக்கும் இடத்தையும் பொது வழியையும் தவிர்க்க வேண்டும். வயல்வெளிப் பொறுப்பாளரான வட்டை விதானையிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லிவிட்டு, தமது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பெட்டியில் ஒட்ட வேண்டும். நீங்கள் கிராம அலுவலரிடம் சொல்லி அதைக் கழற்றச் செய்யலாம். நீங்களே உடைக்க வேண்டாம்.

பொத்துவிலிலிருந்து ஒரு மாணவர்: லாகுகலைக் காட்டுக்குள் கட்டலாமா?

லாகுகல தேசிய பூங்கா, தம்பி. அனுமதியின்றி உள்ளே போவதே குற்றம். கல்லோயாவுக்கும் அதுவே விதி. பாடசாலைத் திட்டமென்றால் ஆசிரியர் மூலம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். அதுவரை உங்கள் வீட்டுக் கிணற்றடியில் கட்டுங்கள். கீரி, மரநாய், உடும்பு என்று நீங்கள் எதிர்பாராதவை வரும். உடும்பு மட்டும் அடிக்கடி தப்பிவிடும். அதன் உடம்பு பெரும்பாலும் சுற்றுப்புறச் சூட்டோடு ஒட்டியே இருப்பதால் உணரிக்கு அது பல தடவை தெரிவதில்லை.

பட்டிப்பளையிலிருந்து: மாரி தொடங்கப் போகிறது. கழற்றி வைக்கவா, விடவா?

முன்மாரி வேளாண்மைக்கு, அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போக நெல்லுக்கு, காவல் வேண்டிய காலமே அதுதான், கழற்ற வேண்டாம். மூடியின் இறப்பர் விளிம்பில் மணல் இல்லாமல் துடைத்து, கொஞ்சம் வாசலின் பூசுங்கள். மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதி ஒன்றை உள்ளே வைத்து, அட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள். மேலே ஓட்டுத் துண்டு ஒன்றைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டுங்கள். முசுறு எறும்பு கூடு கட்டும் மரத்தைத் தவிருங்கள், கறையான் ஏறாமல் கட்டும் பட்டியில் பழைய என்ஜின் ஒயில் தடவுங்கள். அட்டை 32 ஜிகாபைற்றுக்கு மேற்படாததாக, கமராவிலேயே அழித்துத் தயார்செய்ததாக இருக்கட்டும். இரண்டு அட்டை வைத்திருந்தால், மழையில் நின்று படம் பார்க்காமல், ஒன்றைக் கழற்றி மற்றதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.