சுவருக்கு முன்னால் கூரை, கூரைக்கு முன்னால் இடுக்கு

வீட்டுக்கு இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) செய்தால் மின்கட்டணம் நிஜமாகவே குறையுமா, சுவரில் ஆரம்பிப்பதா கூரையில் ஆரம்பிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். எவ்வளவு என்பது, எதை முதலில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் வரிசையை மாற்றிச் செய்து செலவை இழுத்துக்கொண்டு, பிறகு திருத்திக்கொண்டவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் படுக்கையறை மேற்குப் பக்கம். மாலையில் சுவரில் கை வைத்தால் சுடும். ஏசி ஓய்வே இல்லாமல் ஓடும். சுவர்தானே சுடுகிறது என்று உள்பக்கம் முழுவதும் ஃபோம் பலகை ஒட்டினேன். அறை கொஞ்சம் மாறியது, ஏசி மாறவில்லை. அப்புறம் ஒரு நாள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். கதவடியில் புகை வெளியே இழுபட்டது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிப்போக ஒரு சதுர மூடி இருக்கிறது. அதன் அடியில் பிடித்தபோது, மேலே போக வேண்டிய புகை வளைந்து கீழே வந்தது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெந்துகொண்டிருந்த காற்று அந்த இடுக்கு வழியாக அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. அது கதவடி வழியாக நழுவி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து சூடான காற்று வந்தது. குளிர்காலத்தில் இதே ஓட்டம் தலைகீழாக நடக்கும்: சூடான காற்று மேலே தப்பிக்க, கீழிருந்து குளிர் உள்ளே வரும்.

அந்த மூடி வெறும் பிளைவுட் பலகை, சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ரப்பர் பீடிங் ஒட்டி, மூடியின் மேல்பக்கம் ஃபோம் துண்டு ஒன்றைப் பதித்தேன். அரை நாள் வேலை. கதவடிக்கு ஒரு பட்டை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான், ஏசி குழாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டைக்கு அடைப்பு. அன்றிரவே கம்ப்ரஸர் இடையிடையே நிற்கும் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம் அது.

ஒரு சின்ன மூடி அவ்வளவு கெடுதல் செய்யுமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் சீலிங், அதன் மேல் 16 செ.மீ. கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல் என்றுதான் கடையில் கேட்க வேண்டும்) விரித்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு சதுர மீட்டர் மட்டும் வெறும் பலகை. பரப்பில் அது நூற்றில் ஒரு பங்கு. ஆனால் சீலிங் வழியாகக் கடக்கும் வெப்பம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடிவிடும். இது பலகை வழியாக ஊடுருவும் வெப்பம் மட்டும். இடுக்கில் வரும் காற்றை நான் சேர்க்கவே இல்லை. வெப்பம் எங்கே தடுப்பு குறைவோ அங்கே பாயும்.

அடுத்தது கூரை. வெயில் நாள் முழுக்க விழுவது அங்கேதான். குளிர் நாட்டில் உள்ளே இருக்கும் சூடு ஏறித் தப்புவதும் அங்கேதான். இன்சுலேஷன் பொருள் எதுவானாலும் உண்மையில் வேலை செய்வது அதற்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் (பாலியூரித்தேன் போன்ற சில ஃபோம்களில் வேறு வாயு). அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். கான்கிரீட் அப்படி இல்லை. 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (கெட்டியான ஒரு வகை பாலிஸ்டைரீன் ஃபோம்) தடுக்கும் அளவு வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமென்றால் அது சுமார் இரண்டரை மீட்டர் தடிமன் இருக்க வேண்டும்! "கனமான சிலாப், அதனால் சூடு இறங்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கனமான சிலாப் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பகலில் குடித்ததை இரவில் நீங்கள் படுத்திருக்கும்போது கக்கும்.

கிளாஸ் வூலைக் கூரைக்குள் திணித்து அமுக்காதீர்கள். 10 செ.மீ. கம்பளியை 5 செ.மீ. இடத்தில் அடைத்தால் உள்ளே இருந்த காற்றில் பாதி போய்விடும், காசு கொடுத்து வாங்கிய தடுப்பிலும் கணிசமான பங்கு போய்விடும். தடிமனை ஏற்றிக்கொண்டே போவதிலும் பலன் இல்லை. 5 செ.மீ. இருந்ததை 10 ஆக்கினால் கடக்கும் வெப்பம் பாதியாகும். 20 ஆக்கினால் கால் பங்காகும். அதாவது இரண்டாவது முறை இரட்டிப்புப் பொருள் போட்டு, முதல் முறை மிச்சமானதில் பாதியைத்தான் மிச்சம் பிடிக்கிறீர்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தப் பணத்தை ஜன்னலுக்குத் திருப்புவதே நல்லது.

பளபளக்கும் அலுமினியத் தாளையும் பலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். சிமென்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே இறுக்கி ஒட்டினால் அது வெறும் உலோகத் தாள். கூரைக்கு அடியில் கட்டும்போது பளபளப்பான பக்கம் கீழே பார்த்திருக்கட்டும். மேலே பார்த்தால் தூசு படிந்து ஓரிரு வருஷத்தில் மங்கிவிடும்.

ஜன்னலில் வெயில் நேராக விழுகிறதென்றால் திரைச்சீலையை நம்பாதீர்கள். 2 சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியில் மேற்கு வெயில் அடித்தால், அறைக்குள் ஆயிரம் வாட் ரூம் ஹீட்டர் ஓடுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். தடுப்பதானால் கண்ணாடிக்கு வெளியே தடுங்கள்: தட்டி, நீட்டிய சன்ஷேட், மரம், எதுவானாலும் சரி. இரட்டைக் கண்ணாடி போட்டால் ஊடுருவும் வெப்பம் பாதியாகக் குறையும், ஆனால் செலவு அதிகம். அதைக் கடைசியில் வையுங்கள்.

சுவரில் நான் செய்த தப்பு இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஃபோம் ஒட்டிய அடுத்த குளிர்காலத்தில் பீரோவை நகர்த்தினால், பலகையின் இணைப்புகளில் கறுப்பாகப் பூஞ்சை. பலகையைப் பெயர்த்துப் பார்த்தேன், சுவர் ஈரமாக வழுவழுவென்று இருந்தது. அறையின் ஈரக்காற்று இணைப்பு இடுக்குகளில் புகுந்து, ஃபோமுக்குப் பின்னால் குளிர்ந்து கிடந்த சுவரில் நீராகப் படிந்திருக்கிறது. ஈரம் தடுக்கும் படலம் எப்போதும் சூடும் ஈரமும் இருக்கும் பக்கத்தில் வர வேண்டும். குளிர் பிரதேசத்தில் அது உள்பக்கம். புழுக்கமான ஊரில் வருஷம் முழுக்க ஏசி போடும் வீட்டில் அது வெளிப்பக்கம். முடிந்தால் சுவருக்கு வெளியிலிருந்தே செய்யச் சொல்லுங்கள். பீமும் தூணும் சேர்த்து மூடப்படும், இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடைப்பதில் ஓர் எல்லை வேண்டும். கேஸ் கீசர், அடுப்பு இருக்கும் இடத்தில் காற்று வரும் வழியை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உயிர் போய்விடும். சீலிங்கில் பதித்த பழைய விளக்குகள் மேல் கம்பளியைப் போர்த்தினாலும் சூடு அடைபட்டுத் தீப்பிடிக்கலாம். முதலில் அவற்றை மாற்றிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே மீட்டர் அளவை ஒரு வாரமாவது தினமும் ஒரே நேரத்தில் குறித்துவையுங்கள், அன்றன்றைய வெளி வெப்பநிலையோடு. முடிந்த பிறகு அதே மாதிரி வெயில் உள்ள நாட்களோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ஆட்கள் சீலிங்கை மூடும் முன் நீங்களே ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்து ஓரங்களைப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு உள்ளே எங்கே இடைவெளி விட்டார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.