கருந்துளையை விடுங்க, பானையைப் பிடிங்க

தம்பி, பிளஸ் ஒன் ப்ராஜெக்ட்டுக்குக் கருந்துளை எடுக்கலாமா, காட்பாடியில லேப் வசதி இல்லையேன்னு கேட்டிருக்கீங்க. கருந்துளையில நீங்க அளக்க என்ன இருக்கு? நெட்டுல இருக்கறதைக் காப்பி அடிப்பீங்க, அவ்வளவுதான்.

வேலூர் வெயிலை விடவா லேப்? மண்பானைத் தண்ணி எப்படிக் குளிருதுன்னு அளங்க. சின்ன மண்பானை (பெயிண்ட் அடிச்சது வேண்டாம், கசியாது), கிச்சன் தராசு, ரெண்டு தெர்மாமீட்டர் போதும். வெளியே கசியற தண்ணி ஆவியாகும்போது பானையில இருந்து வெப்பத்தை எடுத்துக்கும், அதான் உள்ளே குளிருது. ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேணும். மணிக்கு எத்தனை கிராம் குறையுது, எத்தனை டிகிரி இறங்குதுன்னு குறிச்சுக்கிட்டே வாங்க. கணக்குப்படி இறங்க வேண்டிய அளவு இறங்காது. வெளிக்காத்துல இருந்து வெப்பம் உள்ளே வருதே! அந்த வித்தியாசம்தான் உங்க ப்ராஜெக்ட். மழை நாள்லயும் அளங்க. காத்துல ஈரம் ஏறிட்டா பானை சும்மா உட்கார்ந்திருக்கும்.

வானியல் ஆசை விடலேன்னா, ஜவ்வாது மலை காவலூர்ல 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. லீவுல போய்ப் பாருங்க, ப்ராஜெக்ட்டுக்கு இல்லாம.