சூப்பர்மார்க்கெட்டின் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ சலுகைகள் உணவை வீணாக்கத் தூண்டுகின்றனவா?

தூண்டுகின்றன. ஆனால் எல்லாப் பொருளிலும் இல்லை, அழுகுகிற பொருளில்தான். கிழக்கு லண்டனில் இத்தனை வருடமாகக் கீரைப் பைகளைக் குப்பையில் போட்டுவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2011இல் படிக்க வந்தபோது நான்கு பேர் பகிர்ந்த வீட்டில் இருந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று ஒரே ஒரு தட்டு. பக்கத்துக் கடையில் கழுவி நறுக்கிய சாலட் இலைப் பை ஒன்று ஒன்றரை பவுண்டு, இரண்டு எடுத்தால் இரண்டு பவுண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் விவரம் தெரியாதவன் போல ஒரு கூச்சம் வரும். ஐம்பது பென்ஸ்தானே என்று இரண்டாவதையும் எடுப்பேன். முதல் பை இரண்டு நாளில் தீரும். இரண்டாவது தட்டின் பின்பக்கம் ஒதுங்கிக் கிடந்து, வெள்ளிக்கிழமை கையில் எடுத்தால் பச்சைத் தண்ணீரில் கொழகொழவென்று மிதக்கும். ஐம்பது பென்ஸ் கொடுத்துக் குப்பை வாங்கிவந்திருக்கிறேன் என்று ஒரு நாள்கூட அப்போது தோன்றியதில்லை. ஒரு பவுண்டு மிச்சம் பிடித்த திருப்திதான் இருந்தது.

இது என் ஒருவனின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். 2013 அக்டோபரில் டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. பையில் விற்பதற்கான சாலட் இலையில் 68 சதவீதம் வயலிலிருந்து வீடு வரையிலான வழியில் எங்கோ வீணாகிறது. அதில் வீட்டுக் குப்பைக்குப் போவதே 35 சதவீதம். ஆப்பிளில் 40 சதவீதம் வீண். பெரிய சாலட் பைகளுக்கு இனி இத்தகைய சலுகை கிடையாது என்று அப்போதே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்று இன்னும் வெளிப்படையாகப் பேசியது: இந்தச் சலுகைகள் கடையில் சேர வேண்டிய கழிவை வீட்டுக்குத் தள்ளிவிடுகின்றன. எனக்குச் சரியாகப் பட்ட விளக்கம் இதுதான். கடைக்காரரிடம் அழுகினால் அவர் நஷ்டம். என் தட்டில் அழுகினால் என் கவனக்குறைவு.

2017இல் அம்மா வந்திருந்தார். அதற்குள் எனக்குத் திருமணமாகியிருந்தது, பழக்கம் மட்டும் மாறவில்லை. மூன்று தக்காளிப் பெட்டியை இரண்டின் விலைக்கு வாங்கிவந்து பெருமையாகக் காட்டினேன். “கூடையோடு எடுத்தால் மலிவு என்று கோயம்பேட்டில்கூடத்தான் சொல்வான். நாலு வீடு சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்வோம். நீ யாரோடு பிரித்துக்கொள்ளப்போகிறாய்?” என்று கேட்டார். பதில் இல்லை. அன்றே இரண்டு பெட்டி தக்காளி தொக்காகிவிட்டது. மறு வாரம் நான் வாங்கிவந்த கத்தரிக்காயை நறுக்கி, உப்புப் போட்டு, துணி விரித்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் காயவைத்தார். வீடு முழுக்க வற்றல் வாசம்.

அம்மா கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பை கீரை ஒரு வேளைச் சாப்பாடு. அவர்களுக்கு இந்தச் சலுகை நிஜமான உதவி. தனியாக இருக்கும் மாணவரும் வயதானவரும் ஒன்றை மட்டும் எடுத்தால் அதிக விலை கொடுக்கிறார்கள், இரண்டு எடுத்தால் ஒன்றைக் கொட்டுகிறார்கள். ஆகவே சலுகையே கூடாது என்பவர்களோடு நான் இல்லை. ஒன்றின் விலையைக் குறைத்துவிட்டுப் போங்களேன் என்பதுதான் என் கட்சி. சைன்ஸ்பரிஸ் என்ற இன்னொரு சூப்பர்மார்க்கெட் 2016இல் பெரும்பாலான சலுகைகளைக் கைவிட்டபோது ஏறக்குறைய அதைத்தான் செய்வதாகச் சொன்னது.

எல்லாப் பழியையும் கடையின் மேல் போடவும் மனம் வரவில்லை. பிரிட்டனில் 2012இல் வீடுகளிலிருந்து போன உணவுக் கழிவு 70 லட்சம் டன் என்று, கழிவைக் குறைக்கப் பாடுபடும் ‘ராப்’ (WRAP) அமைப்பு மதிப்பிட்டது. அதில் தவிர்த்திருக்கக்கூடிய பகுதியில் பாதியை ஒட்டி, நேரத்துக்குப் பயன்படுத்தாமல் போனது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மீறிச் சமைத்தது, பரிமாறியது. எங்கள் வீட்டுச் சாம்பார் இந்த இரண்டாவது வகை. அதற்கு எந்தக் கடையும் சலுகை தரவில்லை.

வேடிக்கை ஒன்று. இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 1 முதல் இத்தகைய சலுகைகளுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ஆனால் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களுக்கு மட்டும்; காரணம் உடல்பருமன். அதாவது மாதக்கணக்கில் கெடாத பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் தடை, இரண்டே நாளில் கெடும் கீரைக்கு இல்லை. உடம்புக்கு அது சரிதான், குப்பைத் தொட்டிக்கு அதனால் பெரிய லாபமில்லை.

இப்போது நான் கடைக்குப் போவது இரவு எட்டு மணிக்கு மேல். அன்றோடு கெடு முடியும் பொருளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைக்கும் நேரம் அது. அங்கே ஒன்றை மட்டும் எடுக்க யாரும் கூச்சப்படுவதில்லை, அன்றிரவே சமைத்தாக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அரிசி, பருப்பு, சோப்பு இரண்டுக்கு ஒன்று என்றால் யோசிக்காமல் எடுப்பேன். காய்கறி என்றால், தொக்கு போட யாருக்கு நேரம் இருக்கிறது என்று மனைவியைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்ப்பாள். பெரும்பாலும் ஒன்றோடு திரும்பிவிடுவோம்.