மீட்பு வண்டியில் (பழுதான, அடிபட்ட வண்டிகளை இழுத்துப் போகும் வண்டி) என்னென்ன இருக்க வேண்டும்? வாசகர் கேள்விகள்

10 மி.மீ. சங்கிலி எத்தனை டன் தாங்கும்?

என்ன கிரேடு, அதாவது எஃகின் வலிமைத் தரம்? அதைச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். கிரேடு 70 என்றால் சுமார் 3 டன், 100 என்றால் சுமார் 4. கண்ணிகளில் 7, 8, 10 (அதாவது 70, 80, 100) என்று ஏதாவது பொறித்திருக்கும், துருவைத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கேட்டைப் பூட்ட வைத்துக்கொள்ளலாம், வண்டி இழுக்கக் கூடாது. அறுபடும் பளு மேலே சொன்ன டன் கணக்கைப் போல 4 மடங்கு என்று தெரிந்துகொண்டு 6 டன்னுக்கு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடைவெளி, வெட்டி இழுக்கும்போது ஏறும் பளுவுக்கும் தேய்மானத்துக்கும் விட்டது. அதில் கை வைக்காதீர்கள்.

வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) 3 டன். ஸ்னாட்ச் பிளாக்கும் (கயிற்றைத் திருப்பிவிடும் கப்பி) 3 டன் போதும்தானே?

போதாது. கயிறு பிளாக்கைச் சுற்றித் திரும்பி வந்தால் இரு பக்க இழுவையும் சேர்ந்து பிளாக்கின் மேல் ஏறத்தாழ 6 டன் விழும். அதை மாட்டும் ஷேக்கிளுக்கும் (U வடிவ இணைப்புக் கொக்கி) இதே கணக்குதான்.

2 கிலோ தீயணைப்பான் வைத்திருக்கிறேன். சரியா?

சிறியது. ஏபிசி பவுடரில் 4 கிலோவுக்குக் குறையாமல் வையுங்கள். சீட்டுக்குப் பின்னால் திணிக்காமல், வெளியே நின்றபடி எட்டி எடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மின்சாரக் கார் என்றால் பவுடரை நம்பாதீர்கள். மேல் தீ அடங்கினாலும் பேட்டரிக்குள் சூடு இருக்கும், மணிக்கணக்கு கழித்தும், ஏன் நாள் கழித்தும்கூட மறுபடி பற்றும். விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். அடிபட்ட மின்சாரக் காரை யார்டில் இறக்கினால் சுற்றிலும் 15 மீட்டர் காலியாக இருக்கட்டும்.

மேலே மஞ்சள் விளக்கு நன்றாகச் சுழல்கிறது. அப்புறம் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் எதற்கு? வெயிலில் புழுங்குகிறது.

மாதம் தவறாமல் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். விளக்கு காட்டுவது வண்டியை. வண்டியின் பக்கத்தில் குனிந்து கொக்கி மாட்டும் உங்களை அது காட்டாது. இரவில் நேர்மாறாகவும் நடக்கும்: பளிச்சென்று வெட்டும் விளக்கின் கூச்சத்தில், அதன் அருகே நிற்கும் ஆள் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு மறைந்தே போவார். இதை யாரும் காதில் வாங்குவதில்லை. பட்ஜெட்டில் பாதியை விளக்குக்குக் கொட்டிவிட்டு, மூன்று வருஷம் முந்தைய கிரீஸ் படிந்த ஜாக்கெட்டைச் சீட்டுக்கு உறையாகப் போட்டிருப்பார்கள்.

மஞ்சள் டி-சர்ட்டும் போதாது. அந்த நிறம் பகலுக்கு. இரவில் வேலை செய்வது ஜாக்கெட்டின் ரிஃப்ளெக்டர் பட்டைதான், வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். கையிலும் காலிலும் பட்டை இருந்தால், அசையும்போது அது மனிதன் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். அழுக்கேறினாலும், பலமுறை துவைத்து மங்கினாலும் மாற்றுங்கள்.

எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் வேலை விளக்குகளைத் தாழ்த்துங்கள். வேகமான சாலையில் கடைசி எச்சரிக்கை முக்கோணம் சுமார் 100 மீட்டர் பின்னால் இருக்கட்டும். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். எடுத்துப் போகும்போது அதை வாகனங்கள் வரும் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நடங்கள். ஆயில் ஒழுகும் இடத்தில் எச்சரிக்கைக்குக் கொளுத்தி வைக்கும் தீப்பந்தம் வேண்டாம். முக்கியமாக, வின்சை இயக்கும் லிவர் வண்டியின் இரண்டு பக்கமும் இருந்தால் போக்குவரத்து இல்லாத பக்கத்தில் நின்றே இயக்குங்கள். ஒரு பக்கம்தான் என்றால் ரிமோட் வாங்குங்கள். இத்தனைக்கும் பிறகும் ஜாக்கெட் புழுங்குகிறது என்றால் வலைத் துணியில் வருகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வின்ச் கயிறு ஒரு இடத்தில் பிரிந்திருக்கிறது. கிளிப் போட்டு இணைக்கலாமா?

கூடாது, மாற்றுங்கள். நுனிக்குப் பக்கத்தில் என்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கண் (கொக்கி மாட்டும் வளையம்) போடலாம், ஆனால் முழுக் கயிற்றையும் விட்டாலும் டிரம்மில் 5 சுற்றாவது மிஞ்ச வேண்டும். கயிறு விறைத்திருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

இழுத்துப் போகும் காரில் பேட்டரியே இல்லை. பின் விளக்குக்கு என்ன செய்வது?

காந்தம் வைத்த வயர்லெஸ் விளக்குப் பட்டை. முதல் நாளே சார்ஜ் போட்டு வையுங்கள்.

கை பிரேக் போட்டிருந்தால் சக்கரக் கட்டை தேவையா?

தேவை.

ராட்செட் பெல்ட் (ஏற்றிய காரை இறுக்கிக் கட்டும் பட்டை) ஓரம் கிழிந்திருக்கிறது. முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தலாமா?

முடிச்சுப் போட்டாலே பெல்ட்டின் பலம் பாதியாகிவிடும். கிழிந்தது, வெயிலில் வெளுத்து மொறமொறப்பானது, பளு எழுதிய லேபிள் போனது எல்லாமே குப்பைக்குத்தான். போடும் முன் நாலு துண்டாக வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் உங்கள் உதவியாளர் அதையே எடுத்து ஒரு காரைக் கட்டியிருப்பார்.