16 கொயரியும் ஒரு பூஜ்ஜியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவின் விதைநெல் கடைக்கு பிஎச்பி நிரல்மொழியில் ஓர் இருப்புப் பக்கம் எழுதியிருக்கிறேன். பருவம், ரகம், கிளை என்று மூன்று தேர்வுகள். எவையெவை தேர்வாகியிருக்கின்றன என்று இஃப், எல்ஸ்இஃப் போட்டுப் பார்த்து, 8 கொயரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) வைத்திருந்தேன். மூட்டை எண்ணிக்கையையும் சேர்த்ததில் 16 ஆகிவிட்டது. தீர்ந்துபோன ரகங்களைப் பார்க்க 0 என்று அடித்தால் எல்லா ரகமும் வந்து நிற்கிறது. எங்கே தப்பு?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

முதலில் அந்த 0. பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்பதை எம்ப்டி (empty) என்ற பிஎச்பி சோதனையை வைத்துத்தானே பார்க்கிறீர்கள்? எம்ப்டிக்கு ஒன்றும் எழுதாததும் காலி, '0' என்று எழுதியதும் காலி. தீர்ந்துபோன சி.ஆர். 1009-ஐ நீங்கள் தேடினால், எதையுமே தேடவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. வெற்றுச் சரம்தானா என்று மூன்று சமக்குறி போட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது எல்ஸ்இஃப். அதில் ஒரு நிபந்தனை பொருந்திவிட்டால் மற்றதைப் பார்க்காது. விவசாயியோ குறுவை என்றும் கேட்பார், ஆடுதுறை 36 என்றும் கேட்பார். அதனால்தான் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கொயரி எழுத வேண்டியதாயிற்று. ஐந்தாவது தேர்வு வந்தால் 32. வயலுக்கொரு ஆறா வெட்டுகிறோம்? மடையைத்தானே திறந்து அடைக்கிறோம்.

தரவை எடுக்கும் செலக்ட் (SELECT) வரி ஒன்று போதும். நான்கு தேர்வுக்கும் தனித்தனி இஃப். வந்திருந்தால் அதன் நிபந்தனை ஓர் அரேயில் (பட்டியலில்), மதிப்பு இன்னோர் அரேயில். கடைசியில் நிபந்தனைகளை ஆண்ட் (AND) போட்டுக் கோத்துவிடுங்கள். ஒன்றுமே சேரவில்லை என்றால் நிபந்தனையைத் தொடங்கும் வேர் (WHERE) என்ற சொல்லே வேண்டாம். மதிப்புகளைக் கொயரியில் ஒட்டாமல், அவற்றின் இடத்தில் கேள்விக்குறி வைத்து, தரவுத்தளத்தோடு பேசும் பிடிஓவிடம் (PDO) தனியே கொடுங்கள். எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதற்கு மட்டும் கேள்விக்குறி செல்லாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

நானும் இப்படிப் பல பிரதிகள் வைத்திருந்தவன்தான். காலாவதி லாட்டை மறைக்கும் நிபந்தனையை எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டு ஒன்றில் மறந்தேன். சம்பா நடவு நேரத்தில் பழைய விதை ‘இருப்பில் உள்ளது’ என்று வந்தது. முளைக்காத நாற்றங்காலுக்கு முன்னால் நின்று சமாதானம் சொல்வது லேசல்ல.

மாதவாரி விற்பனைக் கணக்கு வேறு கேள்வி. அதையும் இதிலேயே திணிக்காதீர்கள்; அங்கே இஃப், எல்ஸ் போட்டு இரண்டு கொயரி வைப்பதுதான் சரி.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. அதற்குள் அந்த 0-வையாவது சரிசெய்துவிடுங்கள். 16-ஐக் குறைப்பதைக் குறுவை விற்பனை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.