பேட்டரிக்குப் போக மிச்சம்தான் கார்: வாசகர் கேள்வி பதில்

எம்.கே., சேலம்: பெட்ரோல் கார் நன்றாகத்தான் விற்கிறது, லாபமும் அதில்தான். பிறகு ஏன் எல்லா கம்பெனிகளும் மின்சார கார் செய்யத் துடிக்கின்றன? சுற்றுச்சூழல் மேல் அவ்வளவு பாசமா?

பாசம் இருக்கலாம். ஆனால் அபராதக் கணக்கு அதைவிடப் பெரியது. ஐரோப்பாவில் 2020 முதல் 2024 வரை இருந்த விதிப்படி, ஒரு கம்பெனி விற்கும் கார்கள் எல்லாவற்றின் சராசரிப் புகை கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்க வேண்டியிருந்தது (காரின் எடையைப் பொறுத்துக் கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும்). தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. ஆண்டுக்கு 10 லட்சம் கார் விற்கிற கம்பெனி 10 கிராம் தாண்டினால் 95 கோடி யூரோ கட்ட வேண்டும்.

மின்சார காருக்கு அங்கே 0 கிராம். 105 கிராம் கக்கும் ஒன்பது பெட்ரோல் காரோடு ஒரு மின்சார காரைச் சேர்த்தால் சராசரி 94.5, தப்பித்தாயிற்று. அந்த ஒரு காரில் நஷ்டம் வந்தாலும் மற்ற ஒன்பதை விற்பதற்கான கட்டணம் என்று எழுதிக்கொள்வார்கள். சொந்தமாகச் செய்ய நேரமில்லாத ஃபியட் கிரைஸ்லர், 2019இல் டெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து அதன் கார்களைத் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டது.

இந்தியாவிலும் இதே சராசரி முறைதான். 2022-23 முதல் இலக்கு சுமார் 113 கிராம். சராசரி எடுக்கும்போது ஒரு மின்சார கார் மூன்று காராக எண்ணப்படும். அதோடு 2019 ஆகஸ்ட் முதல் ஜி.எஸ்.டி. வெறும் 5 சதவீதம். பெரிய எஸ்.யு.வி.க்களை நிறைய விற்கிற கம்பெனிதான் மின்சார காரிலும் முந்துவது ஏன் என்று இப்போது புரியும்.

விதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1998க்குள் விற்பனையில் 2 சதவீதம் புகையில்லா வண்டியாக இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா 1990இல் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் இ.வி.1 என்ற இரண்டு சீட் காரைக் கொண்டுவந்தது. விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தது. விதி நீர்த்துப்போனது. 2003இல் வண்டிகளைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது.

ஆர்.வி., திருப்பூர்: ஒரே மாடலின் பெட்ரோல் காரிலும் மின்சார காரிலும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மின்சார காரில் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஏன் இப்படி?

சீட் அதே உயரம்தான், தரை மேலே வந்துவிட்டது. பேட்டரியைத் தரைக்கடியில் தட்டையாகப் பரப்புகிறார்கள். செல், அதற்குக் குளிர்ச்சித் தட்டு, கல் அடிக்காமல் அடித்தகடு என்று எல்லாம் சேர்ந்து 12 முதல் 15 செ.மீ. உயரத்தைச் சாப்பிட்டுவிடும். அதைக் கீழே இறக்கினால் நம் ஊர் வேகத்தடையில் தட்டும். மேலே ஏற்றினால் உங்கள் தொடை அந்தரத்தில் நிற்கும். கூரையையும் சேர்த்து உயர்த்தினால் காற்றைக் கிழிக்கும் முகப்பு பெரிதாகி ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும். உலகம் முழுக்க மின்சார கார் என்றாலே எஸ்.யு.வி. வடிவத்தில் வருவதற்கு ஃபேஷன் பாதி காரணம், இந்த 15 செ.மீ. மீதி.

பெட்ரோல் காரின் உடம்பை எடுத்து மாற்றியமைத்தால் இந்தச் சிக்கல் அதிகம். வேறு அச்சு, வேறு தகடு செய்ய வேண்டாம் என்பதால் கம்பெனிக்குப் பல நூறு கோடி மிச்சமாகும். அந்த மிச்சத்துக்கு உங்கள் முழங்கால் கட்டணம். மின்சாரத்துக்கென்றே அடித்தளம் போட்டால் சக்கரங்களை முன்னும் பின்னும் தள்ளி நடுவில் இடம் பிடிக்கலாம். சீனக் கம்பெனி பி.ஒய்.டி.யின் பிளேடு செல் இதற்காகவே கத்தி போல இருக்கிறது: சுமார் 96 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம், ஒன்றரை செ.மீ.க்கும் குறைந்த தடிமன். போர்ஷே டைக்கான் இன்னொரு வழி பிடித்தது. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பதால், பின்சீட்டுக்காரர் பாதம் வைக்கும் இடத்தில் மட்டும் செல்களை எடுத்துவிட்டுப் பள்ளம் விட்டார்கள்.

வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் பின்சீட்டில் ஐந்து நிமிடமாவது உட்காருங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ளங்கை தாராளமாக நுழைந்தால், மதுரை போவதற்குள் அப்பா அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும்.

ஜே.பி., கோவை: ஊட்டி விடுதியில் ராத்திரி முழுக்க 100 சதவீதம் சார்ஜ் போட்டுக் கிளம்பினேன். இறக்கத்தில் ரீஜென் (வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் செய்து பேட்டரிக்கு அனுப்பும் வசதி) கிடைக்கவில்லை என்று திரையில் செய்தி, மேட்டுப்பாளையம் வருவதற்குள் பிரேக் வாடை. வண்டியில் பழுதா?

பழுதில்லை. தொட்டி நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் கீழே. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றலை வெளியே விட்டாக வேண்டும். டயர் உராய்வு, காற்று, மாற்றும்போது வரும் இழப்பு எல்லாம் போக 4-5 யூனிட் பேட்டரிக்குத் திரும்பும். 45 யூனிட் பேட்டரி என்றால் பத்து சதவீதம். உங்கள் பேட்டரியில் அதற்கு இடமில்லை. எல்லாம் பிரேக்கில் சூடாகக் கொட்டிவிட்டது.

பெட்ரோல் காரில் இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். இங்கே கியர்பாக்ஸையே எடுத்துவிட்டு வேகத்தைக் குறைக்கும் ஒரே ஒரு பல்சக்கரத் தொகுதி மட்டும் வைத்திருக்கிறார்கள். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தருவதால் இன்னொரு கியர் தேவைப்படுவதில்லை; எடையும் விலையும் மிச்சம். கியர் இழுவைக்குப் பதில் ரீஜென். ரீஜென்னுக்கோ பேட்டரியில் காலி இடம் வேண்டும். அடுத்த முறை மலைமேல் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். ரீஜென்னை உச்சத்தில் வையுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், விட்டு விட்டுப் பிடியுங்கள்.

சமவெளியில் நேர் எதிர்ப் பிரச்சினை. ரீஜென்னே வேலையைப் பார்த்துவிடுவதால் பிரேக் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.4 காருக்குப் பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கையே வைத்ததற்கு இது ஒரு காரணம். மூடிய டிரம்முக்குள் தண்ணீர் எளிதில் போகாது. வாரம் ஒரு தடவை ரீஜென்னைக் குறைத்துவிட்டு, பின்னால் வண்டி வராத சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து நாலைந்து முறை அழுத்திப் பிரேக் பிடித்தால் டிஸ்க் சுத்தமாகும்.

எஸ்.டி., நாகர்கோவில்: தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்து என்கிறார் ஒருவர், 100 போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் வேறு வேறு பேட்டரி வைத்திருப்பார்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை எடை குறைவு. ஒரு கிலோ செல்லில் 250 வாட்-மணி அளவுக்கு அடங்கும். ஆனால் முழு சார்ஜில், அதுவும் கத்திரி வெயிலில், நிறுத்தி வைத்தால் சீக்கிரம் மூப்படையும். தினசரி 80, வெளியூர் போகும் காலையில் மட்டும் 100.

இரும்பு பாஸ்பேட் வகையான எல்.எஃப்.பி. எடை கூட, கிலோவுக்கு 160-180தான். விலை மலிவு, தீப்பிடிக்கும் சுபாவம் குறைவு, ஆயுள் அதிகம். குளிரில் சுணங்கும், நாகர்கோவிலில் அந்தக் கவலை வேண்டாம். இதில் 20 சதவீதமானாலும் 80 ஆனாலும் ஒரு செல்லின் வோல்ட்டேஜ் 3.2-3.3க்குள்ளேயே நிற்கும். அதனால் மீதம் எவ்வளவு என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு நேரடியாகத் தெரியாது. உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தை எண்ணி ஊகிக்கிறது. எண்ணிக்கை நாளாக ஆகப் பிசகும். 100 தொட்டால்தான் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறி, கணக்கு நேராகும், செல்களும் சமமாகும். வாரம் ஒருமுறை மெதுவான வீட்டுச் சார்ஜரில் 100 போடாமல் விட்டால், 12 சதவீதம் காட்டிய வண்டி திடீரென 4க்கு இறங்கி வயிற்றைக் கலக்கும். உங்களுடையது எது என்று கையேட்டில் இருக்கும்.

டி.எல்., விழுப்புரம்: விளம்பரத்தில் 585 கி.மீ., ஓட்டினால் 400. இது ஏமாற்று இல்லையா?

சோதனை அப்படிப்பட்டது. இந்திய சோதனை ஓட்டத்தில் உச்ச வேகமே 90 கி.மீ., ஏ.சி. கிடையாது. 585 என்ற டாடா கர்வ்வுக்கு, நடைமுறையில் 400-425 என்று அந்தக் கம்பெனியே சொன்னது. 80இல் போகிறவர் 110க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மூடிய முகப்பு, தட்டையான சக்கர மூடி எல்லாம் அதற்காகத்தான்.

40 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 360 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எடை 30 கிலோ. அவ்வளவையும் எல்.எஃப்.பி.யில் அடைத்தால் செல்கள் மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல் வரும். இன்ஜின் முக்கால்வாசியைச் சூடாக வீணடிப்பதால்தான் மின்சார கார் 50 யூனிட்டோடு போட்டியில் நிற்கிறது.

பி.என்., தஞ்சாவூர்: ஸ்டெப்னி எங்கே போனது?

எடைக்கும் இடத்துக்கும் பலி. பதிலுக்கு வரும் பசைப் புட்டி, டயரின் தரையில் படும் பகுதியில் ஆணி ஏறிய ஓட்டைக்கு மட்டும் உதவும். பக்கவாட்டில் கிழிந்தால் இழுவை வண்டிதான்.

ஏ.எம்., காரைக்குடி: பத்து நாள் வெளியூர் போய் வந்தேன். பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் கதவே திறக்கவில்லை.

கதவுப் பூட்டு, ஏர்பேக், கம்ப்யூட்டர் எல்லாம் இன்னும் பழைய 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. பாதுகாப்புக்காக, வண்டி நிற்கும்போது பெரிய பேட்டரியைக் கான்டாக்டர் என்ற பெரிய ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) துண்டித்து வைக்கும். அவற்றை இழுத்து இணைக்கவும் 12 வோல்ட்தான் வேண்டும். டேஷ்கேமரா போன்ற ஒட்டுண்ணிகள் அதைக் காலி செய்திருக்கும்.

சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து பானெட்டைத் தூக்குங்கள். இன்னொரு 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை முதலில் பிளஸ்ஸோடும், பிறகு மைனஸைக் கையேடு காட்டும் உலோக முனையோடும் இணைத்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். 'ரெடி' விளக்கு வந்ததும் வயரைக் கழற்றலாம். பெரிய பேட்டரியே சின்னதை நிரப்பிக்கொள்ளும். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு பெட்ரோல் காருக்கு உங்கள் காரிலிருந்து வயர் கொடுத்து உதவாதீர்கள். அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு நொடியில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டாக இறக்கும் உங்கள் வண்டியின் டி.சி. கன்வெர்ட்டர் அதற்குச் செய்ததில்லை.